உனக்கு எத்தனை

குவயாபோ காலனி
ஆகஸ்ட் 9

விதாலுக்கு,

உன் அண்ணன் எவேலியோவின் பெயரில் ஆலைச் சோதனைக்கூடத்துக்குப் போன இரத்தம் உன்னுடையது. ஒரு தடவை அல்ல, இரண்டு வருடத்தில் நான்கு தடவை. இதை முதலில் எழுதிவிட்டேன், ஏனென்றால் நலம் விசாரித்துவிட்டு எழுதினால் நலத்தை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். இனி நம் காலனி வழக்கப்படி நலம் சொல்கிறேன். எனக்கு ஒன்று புள்ளி ஒன்று, போன மாதம் பார்த்தது. எதிர்வீட்டு நோர்மாவின் புருஷனுக்கு ஆறு. எவேலியோவுக்கு ஒன்பது புள்ளி நான்கு. நீ இருந்த காலத்தில் கிரியாட்டினின் எத்தனை என்று முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தோம், இப்போது அந்தச் சொல்லையும் விட்டுவிட்டோம், சிறுநீரகம் தளரத் தளர ஏறுகிற எண் அதுதான் என்று குழந்தைக்கும் தெரியும், அதனால் உனக்கு எத்தனை என்று மட்டும் கேட்கிறார்கள். கடையில் சோப்பு வாங்கும்போது கேட்கிறார்கள், பூசை முடிந்து வாசலுக்கு வரும்போது கேட்கிறார்கள். ஒன்று என்றால் சிரிக்கிறார்கள், இரண்டு என்றால் தோளைத் தட்டுகிறார்கள், நான்கைத் தாண்டினால் பேச்சை மழைக்கு மாற்றிவிடுகிறார்கள். மழையும் இந்த வருடம் சரியில்லை.

நான் அனுப்பிய குரல் செய்திகளை எல்லாம் நீ கேட்டுவிட்டாய் என்று போன் நீலக் கோடு போட்டுக் காட்டுகிறது, பதில்தான் இல்லை. அதனால் பேப்பரில் எழுதி சேப்பேயிடம் கொடுத்திருக்கிறேன். பழைய துணி மூட்டை எடுக்க எல்லை தாண்டி உன் பக்கம் வரும்போது உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படிக்கும் வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். நிற்பான், வேறு வேலை இல்லாதவன். எவேலியோ இப்போது நாள் முழுக்கக் கட்டிலில்தான். வாயில் எதை வைத்தாலும் செம்புக்காசு சப்பியதுபோல் இருக்கிறதாம், பீன்ஸ் சாறைக்கூடத் தள்ளிவிடுகிறான். கால் வீங்கி செருப்பு நுழையவில்லை. டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று வேண்டும் என்கிறார்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒன்று கிடைக்கிறது, அதுவும் வேறு யாராவது வராமல் போனால். வராமல் போகிறவர்கள் ஏன் வரவில்லை என்று நாங்கள் கேட்பதில்லை, அவன் பெண்டாட்டி யாஹோஸ்கா அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறாள். காப்பீட்டு ஆஸ்பத்திரியில் அவனுக்கு உரிய நாற்காலி ஒன்று இருக்கிறது, பதினோரு வருடம் சம்பளத்தில் பிடித்தார்களே அதற்கு. அதைத்தான் மறுத்துவிட்டார்கள். மறுத்ததற்குக் காரணம் உன் இரத்தம்.

சுற்றி வளைக்காமல் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன், மே மாதம் கரும்பு வெட்டு முடிந்தபோது அவனுக்கு ஒன்று புள்ளி ஒன்பது வந்தது. ஒன்று புள்ளி நான்குக்கு மேல் வந்தால் அடுத்த வெட்டுக்கு எடுக்க மாட்டார்கள், அப்படி வெளியே தள்ளப்பட்டவர்கள் கங்காணிக்குக் கீழே பெயரில்லாமல் வெட்டப் போவார்கள், காப்பீடும் இருக்காது. அக்டோபரில் சோதனைக்கு முந்தின நாள் நீ கடலை ஆலையிலிருந்து வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தாய், நான் எவேலியோவின் அடையாள அட்டையை உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நீ அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். இரண்டு பேருக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு, ஊசி போடுகிறவள் நிமிர்ந்தே பார்ப்பதில்லை. பூஜ்யம் புள்ளி எட்டு வந்தது. அன்றைக்கு நான் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். இந்தக் காலனியில் தம்பி இரத்தமோ மச்சான் இரத்தமோ கொடுத்து வேலைக்குப் போகாத வீடு இரண்டோ மூன்றோ இருக்கலாம். எல்லாரும் செய்ததுதான். ஆனால் எல்லாருடைய இரத்தத்தையும் பல்கலைக்கழகம் கேட்கவில்லை.

அந்த மே மாதச் சோதனையிலிருந்தே ஆய்வு என்று வந்தார்கள், உனக்கு நினைவிருக்கும், ஒரே ஊசியில் ஒரு குழாய் ஆலைக்கு, ஒரு குழாய் அவர்களுக்கு. வெயிலில் வெட்டுகிறவனுக்கு நிழலும் தண்ணீரும் மணிக்கு ஒருமுறை ஓய்வும் கொடுத்தால் சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்கிறார்களாம். நல்ல கேள்விதான், உன் அப்பா இருந்தபோது யாராவது கேட்டிருக்கலாம். அவருக்கு எண் என்று ஒன்றுகூடக் கிடையாது, முதுகுவலி முதுகுவலி என்றே செத்தார். வெள்ளைக் கூடாரம் அடித்தார்கள், நீலப் பீப்பாயில் தண்ணீர் வைத்தார்கள். அவர்கள் வண்டி திரும்பிப் போனதும் கங்காணி கூடாரத்தை மடித்து லாரியில் போட்டுவிடுவான். மடிக்காத நாளிலும் யார் போய் உட்கார்வது, டன் கணக்குக்குக் கூலி, உட்கார்ந்தால் டன் குறையும், டன் குறைந்தவன் பெயர் அடுத்த வெட்டில் இருக்காது. இதை எந்தக் குழாயில் பிடிப்பார்கள்.

நீ எல்லை தாண்டிய அடுத்த மாதம் அரெலி டாக்டர் பெரிய படம் ஒன்றோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள், குழாய்களைக் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவாளே, அந்த ஒல்லிப் பெண். ஆளுக்கு ஒரு கோடு, பெயர் கிடையாது, நம்பர் மட்டும். எல்லாக் கோடும் கொஞ்சமோ நிறையவோ மேலே ஏறுகிறது. ஒரே ஒரு கோடு சறுக்குமரம் மாதிரி கீழே இறங்குகிறது, இருநூற்றுப் பன்னிரண்டு. இவர் ஒருவருக்குக் கெட்டுக்கொண்டிருந்த சிறுநீரகம் திரும்பியிருக்கிறது, வெளிநாட்டுக் கூட்டத்தில் இந்தக் கோட்டைத்தான் எல்லாரும் கேட்டார்கள் என்று சொன்னாள், அவள் கண்ணெல்லாம் பளபளப்பு. எவேலியோ பாக்கெட்டிலிருந்து தன் சீட்டை எடுத்துப் பார்த்தான், இருநூற்றுப் பன்னிரண்டு. கூட்டமே கை தட்டியது. பாதிப்பேருக்கு விஷயம் தெரியும், அவர்களும் தட்டினார்கள். ஆலைக்காரர்கள் அவனைக் கூடாரத்தின் கீழ் நிற்கவைத்து, கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்துப் படம் பிடித்து, தண்ணீர் நிழல் ஓய்வு என்று எழுதி வாசலில் மாட்டினார்கள். அக்டோபரில் நீ இல்லை, தன் கையைத்தான் நீட்டினான். நாலு புள்ளி ஆறு. அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆய்வு அதற்குள் முடிந்துவிட்டது, அந்தக் குழாயைப் பல்கலைக்கழகம் வாங்கிக்கொள்ளவில்லை. நான் இன்னும் சனிக்கிழமை அந்த வாசலில் நக்கத்தமல் விற்கிறேன். வாழையிலையைப் பிரித்துத் தின்றுகொண்டே எல்லாரும் உன் அண்ணன் படத்தைப் பார்க்கிறார்கள். வெயிலில் படம் வெளுத்துவிட்டது, டம்ளர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

காப்பீட்டு அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவன் மரியாதையாகத்தான் பேசினான், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. காகிதங்களை வரிசையாக வைத்தான். ஒன்று புள்ளி ஒன்பது, பிறகு நான்கு தடவை பூஜ்யம் புள்ளி எட்டு, பிறகு திடீரென்று நான்கு புள்ளி ஆறு. இரண்டு முழு வெட்டு வெட்டியும் ஆள் நன்றாக இருந்திருக்கிறார், ஆக இது கரும்பால் வந்தது இல்லை என்றான். பல்கலைக்கழகமே சொல்கிறதே என்று அந்தப் படத்தின் நகலையும் வைத்திருந்தான். "உங்க மகன் என்ன குடிப்பாரும்மா?" என்று கேட்டான். பினோல் என்றேன், வறுத்த சோளமாவுக் கரைசல், அதற்கு மேல் எதுவும் தொட்டதில்லை என்றேன். எழுதிக்கொண்டான், என்ன எழுதினான் என்று தெரியாது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எவேலியோ சிரிக்கிறான். "என் பேர்ல இருக்கற ரத்தம் அந்த நாட்டுல ஓடியாடிச் சம்பாதிக்குது, ரத்தமில்லாத பேரு இங்க பஸ்ஸுக்கு நிக்குது" என்றான். யாஹோஸ்கா சிரிக்கவில்லை. "கையை நீட்டத் தெரிஞ்சவனுக்கு வாயைத் திறக்கத் தெரியலையே அத்தை" என்றாள். அவள் உன்னைத் திட்டினால் நான் மறிப்பேன், முன்பெல்லாம். இப்போது எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

தம்பி பெயரை இழுக்காதே என்று எவேலியோ என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். ஜூனில் அதை மீறினேன், அரெலி டாக்டரைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, உட்கார்ந்துவிட்டாள். "அந்தக் கோட்டை வச்சுத்தாம்மா நான் பட்டம் வாங்கினேன்" என்றாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கு நான் என்ன செய்ய முடியும், என் பிள்ளை அந்தக் கோட்டால் செத்துக்கொண்டிருக்கிறான். பெற்றவள் வாய்ச்சொல்லை வைத்து எதையும் மாற்ற முடியாதாம், இதைக் கிளற வேண்டாம் என்று அவளுடைய மேலாளரே சொல்லிவிட்டாராம். ஆனாலும் ஒரு வழி சொன்னாள். அந்த நான்கு குழாயும் இன்னும் உறைபெட்டியில் இருக்கின்றன. நீ கொஞ்சம் இரத்தம் கொடுத்தால் இரண்டும் ஒரே ஆளுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள், படத்திலிருந்து கோட்டையும் எடுத்துவிடுவாள். நீ இங்கே வரக்கூட வேண்டாம், அங்கேயே எந்தச் சோதனைக்கூடத்திலும் கொடுக்கலாம், அதற்கான கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், கசக்கிவிடாதே. பொய் அட்டைக்காக உள்ளே தள்ளுவார்கள் என்று பயந்தால், அப்படித் தள்ள ஆரம்பித்தால் காலனியில் ஆம்பளை வாடையே இருக்காது என்று யாஹோஸ்கா சொல்கிறாள், அதை அப்படியே உனக்கு எழுதச் சொன்னாள்.

ஆனால் உன் பயம் அது இல்லை, எனக்குத் தெரியும். நகரத்தில் காவற்காரன் வேலை என்று சொன்னாய், நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றாய், நானும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மார்ச்சில் அந்த நாட்டுக் குவானகாஸ்தே கரும்புக் காட்டில் கழுத்துவரைக் கரியோடு உன்னைப் பார்த்ததாக சேப்பே போன வாரம்தான் சொன்னான், சொல்லக்கூடாது என்று நீ கேட்டுக்கொண்டாயாம். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம், உதட்டைக் கடித்துக்கொண்டு. அந்த நீர்க்கடுப்பை நான் உன் அப்பாவிடம் பார்த்தேன், உன் அண்ணனிடம் பார்த்தேன், சேப்பே நின்று காட்டியதும் எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழாயில் இரத்தம் போனால் யாருடையது என்பது மட்டும் வராது, எண்ணும் சேர்ந்து வரும். அதற்காகத்தான் போனை எடுக்காமல் இருக்கிறாய். யோசித்துப் பார், நீ நன்றாக இருந்தாய் என்று உலகத்தில் நான்கு காகிதம் இருக்கிறது, நான்கும் உன் அண்ணன் பெயரில். உன் பெயரில் ஒரு காகிதமும் இல்லை. நாளைக்கு நீ படுத்தால் நீ வெட்டினாய் என்று சொல்ல அந்த நாட்டில் யார் வருவார்கள். அந்த இரத்தத்தை உன் பெயருக்கு மாற்றிக்கொள், அவனுக்கும் உதவும், உனக்கும் உதவும். நான் அட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தவள், உன்னைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொண்டே போய்க் கையை நீட்டு.

காப்பீட்டு மறுவிசாரணை செப்டம்பர் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் முடிவு டாக்டர் கையில் இருக்க வேண்டும். முதுகு வலித்தால் அந்த வலி ஊசியை மட்டும் போட்டுக்கொள்ளாதே, கங்காணி இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், அது சிறுநீரகத்தை இன்னும் சீக்கிரம் தின்னும் என்று அரெலி சொன்னாள். தாகம் வரும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடி, ஒன்றுக்குப் போகும்போது நுரை வருகிறதா என்று பார். டிசம்பரில் அடுத்த வெட்டுக்குப் போகாதே, துணி மூட்டை தூக்க சேப்பேக்கு ஆள் வேண்டுமாம், அவனோடு போ. எவேலியோ உன்மேல் கோபமாக இல்லை, உன் பழைய தொப்பியைத் தலைமாட்டில் வைத்திருக்கிறான். கடவுள் உன்னை நிழலில் வைக்கட்டும், கன்னி மரியாள் உன் இரண்டு சிறுநீரகத்தையும் தன் கையால் மூடிக்கொள்ளட்டும், இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்கு இப்போது தெரியவில்லை. டாக்டர் கடிதம் பச்சை உறையில் இருக்கிறது, மறந்துவிடாதே.

உன் அம்மா,
தொமாசா

எத்தனை வந்தாலும் சரி, நான் பேச்சை மழைக்கு மாற்ற மாட்டேன். சேப்பே நின்றுகொண்டிருப்பான், இந்தப் பேப்பரின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. எழுது, உனக்கு எத்தனை?