ஆயிரத்தோடு நின்ற வகுத்தல்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று நம் பழைய கல்லூரிப் பக்கம் போனேன். கணித வகுப்பு வாசலில் உனக்கு நினைவுக் கல் பதித்திருக்கிறார்கள். எழுத்துக்குள் அடைத்த கறுப்பு வர்ணத்தின் எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. உன் பெயர், அதன் கீழே 10,22,117, அதற்கும் கீழே 'அன்னார் கண்ட பகா எண்'.

நாம் இருவரும் அங்கே தற்காலிக ஆசிரியர்கள். நிரந்தர இடம் ஒன்றுதான். கணித சங்கக் கூட்டத்தில் நீ அந்த எண்ணைப் பலகையில் எழுதி, ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதுவும் இதை வகுக்காது என்றாய். கைதட்டல் அடங்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆயிரத்துப் பதினொன்றின் வர்க்கத்தில் நான்கு குறைந்தால் உன் எண். நான்கு, இரண்டின் வர்க்கம். ஆகவே ஆயிரத்து ஒன்பதை ஆயிரத்துப் பதின்மூன்றால் பெருக்கினால் அதுவே வரும்.

சபையில் உன்னை அவமானப்படுத்த வேண்டாம் என்று, மேலமாசி வீதி காபி கிளப்பில் வைத்துச் சொன்னேன்.

"ஆயிரத்துக்குள்ள ஒண்ணு விடாம வகுத்தேனே மாப்ள."

"ஆயிரத்து ஒன்பதைப் போட்டியா?"

"எங்கிட்ட இருந்த பகா எண் அட்டவணை ஆயிரத்தோட முடிஞ்சுபோச்சு."

அந்த எண்ணின் வர்க்கமூலம் ஆயிரத்தைச் சற்றே தாண்டும்; அதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சின்ன இடைவெளியில் இருக்கும் பகா எண் ஒன்றே ஒன்று. அதுதான் வகுக்கும். அட்டவணை நின்ற இடத்தில் நீயும் நின்றிருந்தாய்.

ஆடை படிந்த காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "கை தட்டுன அம்புட்டுப் பேரும் வகுத்தா பாக்கப் போறான்? அடுத்த கூட்டத்துல நானே சொல்லிர்றேன், விடு" என்றாய். நம்பினேன்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பே பிரின்சிபால் நம் இருவரையும் அழைத்தார். எண்ணை யாராவது சரிபார்த்தார்களா என்று கேட்டார். நீ என் தோளில் கை வைத்து, "இவரே பார்த்துட்டாருங்க" என்றாய். அந்தக் கையின் வெதுவெதுப்பை நினைத்தால் இப்போதும் தோளைக் கழுவத் தோன்றுகிறது. நான் மறுப்பதற்குள் பிரின்சிபால் பேச்சை முடித்துவிட்டார். இடம் உனக்குப் போனது. பிறகு சக ஆசிரியர் ஒருவரிடம் வாயைத் திறந்தேன். "வேலை கெடைக்கலன்னு வயித்தெரிச்சலாண்ணே?" என்று சிரித்தார். அன்றோடு மூடிய வாய்.

தவறாக வகுத்ததற்காக உன்னை வெறுக்கவில்லை. எவனுக்கும் தவறும். தெரிந்த பிறகும் அந்த எண்ணின் மேல் உட்கார்ந்து சம்பளம் வாங்கி, மாலை வாங்கி, கடைசியில் கல்லும் வாங்கிக்கொண்டாயே, அதுதான் அருவருப்பு.

நான் இப்போது வேலை பார்க்கும் வாடிப்பட்டிப் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் வர்க்க வித்தியாசப் பாடத்துக்கு அதே எண்ணைத்தான் கொடுக்கிறேன். யாருடையது என்று சொன்னதில்லை. மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் இரண்டாகப் பிரித்துக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

இதை உன் பெயருக்கே, கல்லூரி விலாசத்துக்கு அனுப்புகிறேன். உன் நாற்காலியில் இப்போது இருப்பவர் பிரிப்பார். கீழே என் பெயரைக் கண்டால் பொறாமை என்று கிழித்துப் போடுவார். பெயர் இல்லாவிட்டால் குறை சொல்ல ஆளில்லை, அந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்க்கத்தான் வேண்டும். அதனால் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.