செவலையின் கழுத்து மணி

தேன்கனிக்கோட்டை,
திங்கட்கிழமை காலை, 1956

சிரஞ்சீவி சென்னப்பனுக்கு அம்மா எழுதுவது. பம்பாயில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க நம் கோட்டையம்மன் துணை. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நேற்றுக் காட்டுக்குள் போன உன் அப்பா இன்னும் வீடு திரும்பவில்லை.

நேற்று கோட்டையம்மனுக்குப் பொங்கல் வைக்க ஒற்றைமாட்டு வண்டியில் செவலையைப் பூட்டிக்கொண்டு போனோம். காட்டோரக் கோட்டையின் இடிந்த மதிலும் பாசி பிடித்த குளமும் நீ பார்த்தபடியேதான் இருக்கின்றன, யானைக்காடு என்று சர்க்கார் வைத்த பலகை மட்டும் புதிது. கோட்டை வாசலுக்குள் மாட்டு மணி ஒலிக்கக்கூடாது என்பது நம் வழக்கமாயிற்றே, நான்தான் செவலையின் மணியை அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டேன். பொங்கல் பொங்குகிற நேரத்தில் பெங்களூரிலிருந்து யானை பார்க்க வந்த ஜீப்காரர்கள் வாசலில் நின்று ஹார்ன் அடித்தார்கள் பார், செவலை மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது. மாட்டு மணியைக்கூட அவிழ்த்துவிட்டுப் போகிற இடத்தில் இவர்களுக்கு என்ன கேடு?

அப்பா என்னையும் உன் தங்கை சரோஜாவையும் பக்கத்து வீட்டு வெங்கடப்பன் வண்டியில் ஏற்றிவிட்டார். யானை தண்ணிக்கு இறங்குகிற நேரம், போகாதீர்கள் என்று கையைப் பிடித்தேன். அது நம்ம சென்னப்பன் சந்தையில அடம்புடிச்சி வாங்குன கன்னு, நாளைக்கு அவன் வந்து கேட்டா நா என்னான்னு சொல்றது என்று உதறிவிட்டுப் போய்விட்டார். சண்டை போட்டுக்கொண்டு நீ ரயில் ஏறின நாளிலிருந்து உன் பேரை வாயில் எடுக்காத மனுஷன் அவர். வீட்டுக்கு வந்து முந்தானையை அவிழ்த்தபோதுதான் மணி என்னிடமே இருப்பது நினைவுக்கு வந்தது. மணி இல்லாத மாட்டை அந்தப் புதரில் எப்படித் தேடுவார்? ராத்திரி கண் மூடவில்லை. விடியுமுன் தேடப் போன ஊர்க்காரர்களையும் காணோம், சரோஜா காய்ச்சிய கூழ் ஆறிக் கிடக்கிறது. நாலு வரி எழுதுவதும் வாசலுக்கு ஓடுவதுமாக இருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இனி என்னால் உட்கார முடியாது. வெங்கடப்பன் வண்டி பூட்டுகிறான், கடிதத்தைச் சரோஜா தபாலில் சேர்ப்பாள். தன் மணிச்சத்தம் கேட்டால் செவலை எங்கிருந்தாலும் வரும், அது வந்தால் அவரும் வருவார். கோட்டை வாசலைத் தாண்டியும் மணியை ஆட்டிக்கொண்டேதான் போவேன், அம்மன் கோபித்தால் என்னைக் கோபிக்கட்டும்.

நீ பதறாதே, வேளைக்குச் சாப்பிடு, நூறு வயது நன்றாயிரு. ஒன்று மட்டும் மறக்காதே. இதுவரை எனக்கே எழுதினாய், இனி அப்பா பேருக்கு எழுது. வாங்கிப் படிக்க அவர் இருப்பார்.

உன் அம்மா,
மாதம்மாள்