ஜாபஸுக்கு விட்ட பதினாறு பார்

மண்ணூர்பேட்டை,
21.9.2025, ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பிறகு.

மொபைலைத் துறந்து மலையேறிய என் அன்பு அண்ணன், நவதுறவி ஜாபஸுக்கும், அவனுக்கு முன்பாகவே இந்தக் கவரைப் பிரிக்கப்போகும் மரியாதைக்குரிய பொறுப்பாளர் ஃபாதர் அவர்களுக்கும், ஷாரன் எழுதிக்கொள்வது. ஃபாதர், ஸ்தோத்திரம். முதல் பத்தி உங்களுக்கு, மீதி அவனுக்கு என்று எழுதத்தான் நினைத்தேன். நீங்கள் அத்தோடு நிறுத்த மாட்டீர்கள் என்று தெரியும். ஆகவே முழுதும் படித்துவிட்டு, படிக்காத முகத்தோடு அவனிடம் கொடுத்துவிடுங்கள். அந்த முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று வேண்டுமானால் நான் சொல்லித்தருகிறேன்.

அண்ணா, இங்கு அனைவரும் நலம் என்று அம்மா செவ்வாய்க்கிழமையே உனக்கு எழுதிவிட்டார். கவரை ஒட்டச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் படிப்பது உங்கள் மடத்தில் மட்டுமல்ல, நம் வீட்டிலும் வழக்கம். அப்பாவின் புரோகிராம் நன்றாக நடந்தது என்று அதில் ஒரு வரி இருந்தது. பொய் இல்லை. நன்றாகத்தான் நடந்தது. பாதியிலேயே கூட்டம் எழுந்து சாப்பாட்டுப் பக்கம் நன்றாகவே நடந்தது. மீதியை நான் எழுதுகிறேன். நாளை எனக்கு வேதியியல் காலாண்டுத் தேர்வு. அதை எழுதுவதைவிட இது முக்கியம் என்று கர்த்தருக்கே தெரியும்.

முதலில் உனக்குத் தெரியாத விஷயம். ஜூலையில் எனக்கு பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் விடுமுறை கொடுத்திருந்தார்கள். லேபில் நான் செய்த ஒரு சின்ன வேலைக்காக. எனக்கு மட்டும்தான் விடுமுறை. அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷிப்டுக்குப் போயிருந்ததால் துணைக்கு வா என்று அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு குமணன்சாவடியில் பல் டாக்டரிடம் போனார். டாக்டர் மேல்வரிசையில் முன்னால் இருக்கும் இரண்டு பற்களையும் விரலால் தொட்டார். கீபோர்டு கட்டை மாதிரி இரண்டும் உள்ளே போய் வெளியே வந்தன. ஈறு உள்ளே எலும்பு கரைந்துவிட்டது, எடுத்தே ஆகவேண்டும், பொய்ப்பல் வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். பொய்ப்பல்லை வைத்துக்கொண்டு ஊத முடியுமா என்று. அவர் ட்ரம்பெட்காரர், அந்த இரண்டு பல்லின் மேல் அழுத்தித்தான் ஊதுகிறார் என்று டாக்டருக்குத் தெரியாது. "தாராளமா ஊதலாம் சார், பேத்தி பர்த்டேக்கு கேண்டில் ஊதலாம்" என்றார். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். என் ஜோக்குக்குக்கூட நான் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சிரித்ததில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னார், டாக்டரிடம் இரண்டு மாதம் தவணை வாங்கியிருக்கிறேன் என்று. "அதுக்குள்ள என் பேர்ல ஒண்ணு வாசிச்சுடணும்மா. அம்மாகிட்ட சொல்லிடாத" என்றார். ஒரு ரகசியத்தை ஒரு மணி நேரம்கூட வைத்துக்கொள்ளாத நான் இரண்டு மாதம் வைத்திருந்தேன். பல்லவி என்ற வார்த்தையிலேயே பல் இருக்கிறது என்று ஒரு ஜோக்கும் தோன்றியது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன், சிரித்துக்கொள்.

என் பேரில் என்று அவர் சொன்னது ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம், ஃபாதருக்காகச் சொல்கிறேன். எங்கள் அப்பா ஜேசுராஜ் இருபத்தெட்டு வருடம் சினிமாப் பாட்டுக்கு ட்ரம்பெட் வாசித்தவர். ஒரு பாட்டில் எட்டு விநாடி, பத்து விநாடி. மீதி நேரமெல்லாம் நோட்ஸ் தாளைப் பார்த்துக்கொண்டு தன் இடம் வரும்வரை பார் பாராக, அதாவது நாலு நாலு தட்டாக, எண்ணிக்கொண்டு நிற்பார். வாசித்த நேரத்தைவிட எண்ணிய நேரம் அதிகம். அடுத்தவர் இடத்தில் ஒரு சுரம் ஊதிவிட்டால் மறுநாள் கூப்பிட மாட்டார்கள். எந்தப் பாட்டிலும் அவர் பேர் கிடையாது. ஷேர் ஆட்டோவில் அவர் வாசித்த பாட்டு வந்தால் ட்ரம்பெட் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அவர் சுண்டுவிரல் மட்டும் எழும். ஆட்டோவில் யாருக்கும் அது தெரியாது. இப்போது அந்த வேலையும் நின்றுவிட்டது. ஓர் இசையமைப்பாளரின் உதவியாளர் அன்பாகவே சொன்னாராம், கம்ப்யூட்டரில் நாற்பது ட்ரம்பெட் இருக்கிறது, அதில் ஒன்றுகூட டீ கேட்பதில்லை என்று.

புரோகிராமைப் பிடித்தது நான்தான். என் டியூஷன் மிஸ்ஸின் கணவர் ராகவன் சார், வெள்ளானூரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளர். ஆண்டு விழாவில் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் காலியாக இருக்கிறது என்றார். கணக்கில் நான் முன்னேறிவிட்டதாக நம்பி அந்த அரை மணியை எனக்குக் கொடுத்தார். பேனரில் 'ஜேசுராஜ் - தனி ட்ரம்பெட்' என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் ஒரு சாக்ஸபோன் படத்தை அச்சடித்திருந்தார்கள். நான் சண்டைக்குப் போகப் பார்த்தேன். அப்பா பேனரை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பேரு கரெக்டா கீதுல்ல, வுடு" என்றார். தன் பேரை அவ்வளவு பெரிய எழுத்தில் அவர் அன்றுதான் பார்த்தார்.

என்ன வாசித்தார் என்று நீ கேட்க மாட்டாய், உனக்குத் தெரியும். நீயும் அவரும் இரண்டு வருடம் சாயங்காலமெல்லாம் உட்கார்ந்து உண்டாக்கின இசையைத்தான். நீ போன பிறகு யூசுப் மாமாதான் அதற்கு டிரம்ஸும் பேஸ் கிடாரும் போட்டு லேப்டாப்பில் ஏற்றினார். ஸ்டூடியோ நாளிலிருந்து அப்பாவோடு இருப்பவர், வேறு யார் செய்வார்கள். நடுவில் நீ மட்டும் கீபோர்டில் தனியாக வாசிக்கும் இடம் வந்ததும், "இன்னா நைனா, இந்தப் பதினாறு பாரை இன்னா பண்றது?" என்று கேட்டார். கீபோர்டுக்கு ராகேஷ் என்று ஒரு பையனையும் கூட்டிவந்தார். நன்றாகத்தான் வாசித்தான். மூன்றாம் நாள் அப்பா அவனுக்கு பிரியாணி வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு நோட்ஸ் தாளில் அந்த இடத்தில் பென்சிலால் 'ஜாபஸ் 16' என்று எழுதினார். காதில் மாட்டும் ஹெட்போனில் மட்டும் தாளத் தட்டு கேட்டால் போதும், வெளியே ஒன்றும் வேண்டாம் என்றார். அவர் எப்படியும் கடைசி நேரத்தில் அங்கே எதையாவது ஊதி நிரப்பிவிடுவார் என்று யூசுப் மாமா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நிரப்பவில்லை அண்ணா.

முதல் பகுதி முடிந்தது. அவ்வளவு சுத்தமாக அவர் வாசித்து நான் கேட்டதில்லை. ட்ரம்பெட்டை இறக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். டிரம்ஸ் நின்றது. பதினாறு பார், பாருக்கு நாலு தட்டு, மொத்தம் அறுபத்து நாலு. நீங்கள் வைத்த வேகத்துக்கு ஐம்பத்து மூன்று விநாடி. முடிந்துவிட்டது என்று கூட்டம் கைதட்டியது. கைதட்டல் நின்ற பிறகும் அப்பா அப்படியே நின்றார். "அங்கிள் தூங்கிட்டாராம்மா?" என்று ஒரு வாண்டு சத்தமாகக் கேட்டது. ராகவன் சார் சால்வையோடு மேடைக்கு வந்தார். அப்பா கண்ணைத் திறக்காமல் ஒரு விரலைக் காட்டினார், பொறுங்கள் என்று. ராகவன் சார் சால்வையை விரித்தபடி துணி காயவைக்க வந்தவர் மாதிரி நின்றார். யாரோ சாப்பாடு ரெடி என்றார்கள். நாற்காலிகள் சரசரத்தன. நான் அப்பாவின் வலது ஷூவின் நுனியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தட்டிக்கொண்டே இருந்தது.

இப்போது நான் சொல்லப்போவதை நீ யாரிடமும் சொல்லாதே. என் நாற்காலியிலிருந்து ஆறடி தூரத்தில், அந்தக் குடியிருப்புக் குழந்தைகள் கற்றுக்கொள்ளும் கீபோர்டு ஒன்று துணி மூடி இருந்தது. உன் பதினாறு பார் எனக்கு மனப்பாடம். நீ வாசிக்கும்போதெல்லாம் உன் மூக்கைப் பற்றி நான் எழுதிய பாட்டை அதன் மேல்தானே பாடுவேன். துணியை எடுத்து ஸ்விட்சைப் போட நாலு நொடி ஆகியிருக்கும். பிறந்ததிலிருந்து எங்கே கைவைக்கக் கூடாதோ அங்கேயெல்லாம் கைவைத்தவள் நான். கோயில் மணியை நேரமில்லாத நேரத்தில் அடித்தவள். அன்றைக்கு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். அம்மா பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார்.

அறுபத்து ஐந்தாவது தட்டில் அப்பா சரியாக உள்ளே வந்தார். ஒரு இம்மி பிசகவில்லை. ஆனால் கேட்பதற்கு நானும் யூசுப் மாமாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும்தான். கடைசியில் அந்த உச்ச சுரம் வரவில்லை. காற்றுதான் வந்தது. அப்பா உதட்டை ஒருமுறை உள்ளிழுத்துக்கொண்டு, கீழ் ஸ்தாயிக்கு இறங்கி அதே சுரத்தில் முடித்தார். மௌத்பீஸை அவர் கைக்குட்டையில் சுற்றியபோது சிவப்பைப் பார்த்தேன். "ரொம்ப தியானம் மாதிரி இருந்துச்சு சார்" என்று ராகவன் சார் சால்வையைப் போர்த்தினார். நல்ல மனிதர்.

வேனில் வரும்போது யூசுப் மாமாவுக்குத் தாங்கவில்லை. "நைனா, அது ஸ்டூடியோ இல்லபா. உன் கச்சேரி. எல்லா எடமும் உன் எடந்தான்" என்றார். அப்பா யோசித்தார். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது. பிறகு, "அது புள்ள எடம் யூசுப்பு. ரெகார்ட் ஆய்க்கீதா, அத்த சொல்லு" என்றார். ஆகியிருந்தது.

அது சனிக்கிழமை. திங்கட்கிழமை இரண்டு பல்லையும் எடுத்துவிட்டார்கள். வாயில் பஞ்சோடு வந்து நின்றபோதுதான் அம்மாவுக்குத் தெரியும். அம்மா திட்டவில்லை. கஞ்சி வைத்துக்கொடுத்துவிட்டு, மறுநாள் உனக்கு நாங்கள் நலம் என்று எழுத உட்கார்ந்தார்.

ரெகார்டிங்கை நான்தான் யூடியூபில் போட்டேன். இதுவரை அறுபத்து மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் நாற்பது நான். நடுவில் சவுண்ட் இல்லை, சரிபாருங்கள் என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடவா, இல்லை நானே வாசித்துச் சேர்த்துவிடவா என்று அப்பாவிடம் கேட்டேன். பல் எடுத்த பிறகு அன்றுதான் பேசினார். காற்றும் எச்சிலுமாக, "தொடாத" என்றார். கொஞ்சம் கழித்து, "சவுண்டு இல்லாம இல்ல, அது ஜாபஸ்னு பதில் போடு" என்றார். நான் இன்னும் போடவில்லை. எப்படிப் போடுவது என்று தெரியவில்லை.

பொய்ப்பல் வந்த பிறகு வாசிக்க முடியுமா என்று அம்மா கேட்டதற்கு, பார்க்கலாம் என்று கையைக் காட்டினார். நேற்று ட்ரம்பெட் பெட்டி பீரோவுக்கு மேலே போய்விட்டது. நீ துறவற வாக்குக் கொடுக்கும் உன் முதல் வார்த்தைப்பாட்டுக்கு அடுத்த வருடம் மலைக்கு வந்து வாசிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அது இனி இல்லை. நீ அதை எதிர்பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

'ஜாபஸ் 16' தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். திருடியதுதான், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவின் நோட்ஸ் பைலில் அதற்குப் பதிலாக என் கணக்குத் தாளை வைத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது. அவர் இப்போது பைலைத் திறப்பதில்லை.

திரும்பி வா என்று எழுதக் கூடாது என்று அம்மாவின் கட்டளை. அதனால் எழுதவில்லை. கடவுள் காப்பார் என்று நீ பதில் எழுதுவாய். அவர் காக்கட்டும். அப்பா காத்துவிட்டார், ஐம்பத்து மூன்று விநாடி.

ஃபாதர், கடைசியாக உங்களுக்குத்தான். உங்கள் சிற்றாலயத்தில் கீபோர்டோ ஆர்மோனியமோ ஏதாவது இருக்கும். ஒரு நாள் அவனுக்கு அந்த ஐம்பத்து மூன்று விநாடியைக் கொடுங்கள். அப்பாவுக்குக் கேட்காது, எனக்கும் கேட்காது, அதற்குப் பிறகு வாசிக்க இங்கே ஆளும் இல்லை. தெரியும் ஃபாதர். நாலு தட்டு எண்ணிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள், அவன் எப்போதும் அவசரப்படுவான்.

உங்கள் ஆசீரைக் கோரும்,
ஷாரன்