காதுக்கு மேலே ஒரு வெளிச்சம்

9 நவம்பர் 2024, சனி

வேதாரண்யம் போய் வந்தேன். அண்ணன் கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆகஸ்டில், படகில் வலை இழுக்கும்போது இரும்புக் கொக்கி தலையில் அடித்ததிலிருந்து இப்படித்தான்.

"அவருக்குக் கேக்குது ஆர்த்தி. நான் திட்டுனா முகம் மாறுது," என்றாள் சந்திரலேகா அண்ணி.

எனக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை.

தஞ்சாவூர் ஆய்வுக்கூடத்தில் நான் செய்கிற வேலையே இதுதானே? அகச்சிவப்பு ஒளி மண்டையோட்டைத் தாண்டி, மூளையின் மேற்பரப்பைத் தொட்டுத் திரும்பும். அங்கே புது ரத்தம் பாய்ந்தால் திரும்பும் ஒளி மாறும். யார் யார் தலையையோ அளந்திருக்கிறேன். அண்ணன் திருமுருகன் தலையை மட்டும் ஏன் அளக்கவில்லை?

12 நவம்பர்

என் கைடு ஃபஹ்மிதா மேடத்திடம் கேட்டேன். "சொந்த அண்ணன். எதைப் பாக்க ஆசைப்படறியோ அதையே பாப்ப," என்றார். ஆனால் நரம்பியல் டாக்டரிடம் அவரே பேசினார். அனுமதிக்கும் எழுதிப் போட்டிருக்கிறார்.

14 டிசம்பர், சனி

அண்ணி அவன் காதுக்கு மேலே முடியை மழித்து வைத்திருந்தாள். அகச்சிவப்பு விளக்கும் திரும்பும் ஒளியை அளக்கும் உணரியும் பொருத்திய பட்டையைக் கட்டினேன். அண்ணி பேசினாள் — திரையில் கோடு ஏறியது! நிறுத்தினாள், இறங்கியது. மறுபடி பேசினாள், மறுபடி ஏறியது.

அண்ணி அழுதுவிட்டாள். நானும்தான். திருத்துறைப்பூண்டி தாண்டியும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

16 டிசம்பர்

மேடம் ஒன்றுதான் கேட்டார். "பேசும்போது அவங்க அவரைத் தொட்டாங்களா?"

கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள். தொட்டால் மூச்சு மாறும், தோலில் ரத்த ஓட்டம் மாறும். ஒளி முதலில் கடப்பதே தோலைத்தான். நான் பார்த்தது அண்ணன் மூளையையா, அவன் தோலையா?

ஏன்டி ஆர்த்தி, அவசரப்பட்டு அண்ணிகிட்ட சொன்ன? இப்ப எந்த வாயால இல்லைன்னு சொல்லுவ?

17 டிசம்பர்

போனில் சொல்லிவிட்டேன். அண்ணி சொன்னாள்: "சரி. தொடாம பேசறேன். திரும்ப வா."

5 ஜனவரி 2025

பட்டையில் விளக்கை ஒட்டியே இன்னொரு உணரி வைத்தேன். அது தோலை மட்டும் பார்க்கும். அதைக் கழித்தால் மிஞ்சுவது மூளை. என் தலையிலேயே கட்டிப் பார்த்தேன். கேட்பதற்கு ஏதாவது குரல் வேண்டுமே என்று போனில் கிடந்த அண்ணனின் பழைய வாய்ஸ் மெசேஜைப் போட்டேன். "பாப்பா, சாப்ட்டியா? வஞ்சிரம் பட்டிருக்கு, சனிக்கிழமை வந்துரு."

கழித்த பிறகும் என் கோடு ஏறிக்கொண்டே போனது. பட்டையைக் கழற்ற மனம் வரவில்லை.

18 ஜனவரி, சனி

அண்ணன் தலையில் பட்டை. பதிவு செய்த குரல்கள் மூன்று: அண்ணி, நான், அவன் கேட்டேயிராத என் தோழி வானதி. மூன்று பேரும் ஒரே வாக்கியங்கள். கணினி கலைத்துக் கலைத்துப் போட்டது. எது யாருடையது என்று மேடத்துக்கு மட்டும்தான் தெரியும். யாரும் அவனைத் தொடவில்லை.

22 ஜனவரி

தோலைக் கழித்தும் ஒரு குரலுக்கு மட்டும் கோடு ஏறுகிறது. ஒவ்வொரு தடவையும்.

அது என் குரலாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

மேடம் பட்டியலைப் பிரித்தார். அண்ணி குரல்.

என் கோடும் வானதி கோடும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, தட்டையாக. "ஏறலைங்கிறத வச்சு கேக்கலைன்னு சொல்ல முடியாது ஆர்த்தி. அப்ப அவர் அசந்திருக்கலாம்," என்றார் மேடம். கலந்து போட்ட குரல்களில் என் முறை வரும்போது மட்டுமா அசந்துபோவான்?

அண்ணனுக்குக் காது கேட்கிறது. இது போதாதா எனக்கு?

1 பிப்ரவரி, சனி

அண்ணனுக்குப் பட்டையை மறுபடி கட்டி, வீட்டுக்கு வந்த டாக்டருக்குக் காட்டினேன். பலனில்லை என்று நிறுத்தியிருந்த கை, கால், பேச்சுப் பயிற்சிகளைத் திங்கள் முதல் மறுபடி தொடங்கச் சொல்லியிருக்கிறார்.

அண்ணியிடம் சொன்னதும் நேரே கட்டிலுக்குப் போனாள். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேதான் படுத்திருக்கீங்களா? நான் ஒருத்தி தனியா பொலம்பிக்கிட்டுக் கெடக்கேன்!" என்று திட்டித் தீர்த்துவிட்டு, என்னிடம் திரும்பினாள். "உன் குரலுக்கு என்னா வந்துச்சு?"

"உங்க குரல்தான் அண்ணி தெளிவா வந்துச்சு."

கஞ்சி காய்ச்சப் போனாள்.

அவன் தலையிலிருந்து பட்டையைக் கழற்றி, சுருட்டி, பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன். அதன் பிறகுதான் காதருகே குனிந்து, "அண்ணா," என்று கூப்பிட்டேன்.