பாஞ்சாலையின் பௌர்ணமிகள்

2025 ஜூன் 8, ஞாயிறு

மல்லாட்டை விதைக்க டிராக்டர் ஓட்டியாயிற்று. மண் நன்றாகப் புரண்டிருக்கிறது. என் பொண்டாட்டி பாஞ்சாலை வரப்பில் உட்கார்ந்து, "இது யார் நெலம்யா?" என்று கேட்டாள். நம்முடையது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன்.

எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு இந்த போன் நல்ல கணக்குப்பிள்ளை. பேசினால் எழுதிக்கொள்கிறது, தேதியும் அதுவே போடுகிறது. ரேடியோ செய்தி மாதிரி நிதானமாகப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு எதுவும் மறப்பதில்லை. அவளுக்கு எதுவும் நிற்பதில்லை. ஒரே வீட்டில் இரண்டும்.

பௌர்ணமி வருகிறது. அதுதான் பயம். அடி அண்ணாமலையில், மலையைச் சுற்றும் கிரிவலப் பாதை மேலேயே எங்கள் வீடு. வாசலில் ஜனம் போவதைப் பார்த்தால் இவளும் எழுந்து அதோடு போய்விடுகிறாள். கல்யாணமான மாதத்திலிருந்து பௌர்ணமிதோறும் சுற்றிய கால் அது. போன சித்திரைப் பௌர்ணமிக்கு டவுனில் யாரோ ஒரு குடும்பத்தின் பின்னால் பஸ் ஸ்டாண்டுக்குள் போய்விட்டாள். மறுநாள்தான் கிடைத்தாள். மகன் பாலாஜி ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓடி வந்தான். பெற்றவளைப் பார்த்து அழுதான், அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னான்: "இன்னொரு தடவ காணாம போச்சுன்னா, அங்க முதியோர் ஹோம் ஒண்ணு இருக்குது, கொண்டுபோய் சேர்த்துடுவேன். நீ தடுக்கக் கூடாது."

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 11, புதன்

பால் கறந்துவிட்டு வருவதற்குள் போய்விட்டாள்.

வளைவில் தென்றல் டியூட்டியில் இருந்தது. எங்கள் தெருப் பெண், தையல் மிஷின் வைத்திருக்கிறது. திருவிழா, பௌர்ணமி என்றால் காக்கி போட்டுக்கொண்டு ஊர்க்காவல் படையில் போய் நிற்கும். பாஞ்சாலை தனியாகப் போவதைப் பார்த்ததும் கையைப் பிடித்து, "வூட்டுக்குப் போலாம் வா பெரிம்மா" என்று திருப்பியிருக்கிறது. அங்கேதான் தப்பு நடந்தது. கிரிவலம் புறப்பட்டவளை யாரும் திருப்பக் கூடாது. செருப்பை விட்டு வந்தாலும், பையை விட்டு வந்தாலும் முன்னால்தான் போக வேண்டும், சுற்றி வந்துதான் எடுக்க வேண்டும். தென்றலுக்கும் அது தெரியும். அவசரத்தில் தோன்றவில்லை, பாவம்.

இவள் நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். "மலையச் சுத்த வந்தவள திருப்பி வுடுறியே, நீ நல்லாருப்பியா?" என்று கத்தல். ஜனம் கூடிவிட்டது, ஆளாளுக்கு போனைத் தூக்கினார்கள். நான் போய் நின்றேன். வீடு பின்னால் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பக்கம் ஒரு அடி வைக்க மாட்டேன் என்கிறாள்.

கடைசியில் நானும் கூடவே சுற்றி வந்தேன். இருட்டுவதற்கு முன் வந்து சேர்ந்தோம். அவள் சோறு தின்றுவிட்டுத் தூங்குகிறாள். என் முழங்கால் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது. அடுத்த மாதம் இது ஆகாது.

ஜூன் 13, வெள்ளி

அந்த வீடியோவை ஊரே பார்க்கிறது. கிழவியை இழுத்துப் போகும் போலீஸ் என்று போட்டிருக்கிறதாம். விசாரணை முடியும் வரை டியூட்டிக்கு வர வேண்டாம் என்று தென்றலுக்குச் சொல்லிவிட்டார்கள்.

டீக்கடை தருமன் சிரிக்கிறான்: "சம்பளமே இல்லாத போலீசு. அதுல சஸ்பெண்டு வேற."

தென்றல் வீட்டுக்குப் போனேன். மிஷினை விட்டுத் தலை தூக்கவில்லை. "வுடு பெரிப்பா. ப்ளவுஸ் ஜாஸ்தி சேர்ந்துபோச்சு. எனக்கும் வேல ஆவட்டும்." அழுதிருக்கிறது. முகம் சொல்கிறது.

ஜூன் 16, திங்கள்

வேங்கிக்காலில் இருக்கும் போலீஸ் ஆபீசுக்குப் போனேன். தென்றலுக்குச் சொல்லாமல்தான் போனேன்.

ஊர்க்காவல் படைக்குக் கமாண்டர் கோதண்டராமன். டவுனில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். அவர் என்னைப் பெரிய அதிகாரி ஒருவர் முன்னால் நிறுத்தினார். அந்த வீடியோவை எனக்குப் போட்டுக் காட்டி, "இவங்க யாரு உங்களுக்கு?" என்றார் அதிகாரி.

"என் பொண்டாட்டிங்க."

"அந்தப் பொண்ணு இழுத்துச்சா?"

"கையப் புடிச்சது நெஜம். இழுக்கலைங்க. என் பொண்டாட்டிதான் அந்தப் பொண்ணையும் சேர்த்து இழுத்துக்கினு உக்காந்தா. கல்யாணமான புதுசுல என்னையே அப்படித்தான் உக்கார வெச்சா."

கோதண்டராமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அதிகாரியும் சிரித்துவிட்டார். எழுதிக்கொண்டார்கள், கைநாட்டு வைத்தேன். தென்றல் டியூட்டிக்கு வரலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

ஆனால் வாசலில் அதிகாரி ஒன்று கேட்டார். "அடுத்த பௌர்ணமிக்கு இன்னா பண்ணப் போறீங்க பெரியவரே?" கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். பாலாஜி போனில் சொன்னபடி.

கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "நான் இன்னா தப்பு பண்ணேன், சொல்லிட்டுப் பூட்டு" என்றாள். வெளியே உட்கார்ந்திருந்தேன். ஜனம் போய்க்கொண்டே இருந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திறந்திருப்பேனோ.

ஜூலை 13, ஞாயிறு

அவளுக்கு அந்த நாள் மறந்துவிட்டது. கை மறக்கவில்லை, புறங்கை கறுத்து வீங்கியிருக்கிறது.

தென்றல் வந்தது. கையைப் பார்த்தது. என்னைத் திட்டும் என்று நினைத்தேன். திட்டவில்லை, தரையில் உட்கார்ந்துகொண்டது.

"பெரிம்மா வழி தப்பறதில்ல பெரிப்பா. ரோடு மலையச் சுத்திக்கினு வூட்டுக்கேதான வருது? டவுனுக்குள்ள பூந்து வர்ற எடத்துலதான் கோளாறு. நாம ஏன் புடிச்சு நிறுத்தணும்? போவட்டும். எங்க ஆளுங்க எல்லா பாயிண்ட்லயும் நிக்கறாங்க. ஒருத்தர் கண்ணு வுட்டா இன்னொருத்தர் கண்ணு புடிச்சுக்கும்."

இது நடக்குமா என்றேன். கோதண்டராமனுக்கு அப்போதே போன் போட்டது. அவர் குரல் எனக்கும் கேட்டது. "செய்யலாம்மா. லாரிலேர்ந்து பெயிண்ட் டப்பா எறக்கற மாதிரிதான், கைக்குக் கை. கீழ வுடாம இருந்தா சரி."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வழியில் தவறவிட்டால் பாலாஜி அவளை ஹோமுக்குக் கொண்டுபோய்விடுவான். பூட்டினால் இந்தக் கை.

ஆகஸ்ட் 9, சனி

பௌர்ணமி. தென்றல் சொன்னபடி அவளைப் போகவிட்டேன், நடந்ததை வரிசையாகச் சொல்லி வைக்கிறேன்.

காலையில் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு தானாகவே புறப்பட்டாள். தென்றல் வாசலிலேயே படம் எடுத்து அவர்கள் ஆட்களுக்கெல்லாம் அனுப்பியது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். போ என்று நானே அனுப்பியது இதுதான் முதல் தடவை.

பாதையில் இருக்கும் எட்டு லிங்கக் கோயில்களில் முதலில் வாயு லிங்கத்திலிருந்து போன் வந்தது: "தாண்டிட்டாங்க." குபேர லிங்கத்திலிருந்தும் அதே. இடுக்குப் பிள்ளையாரில் நின்ற ஆள் பயந்துவிட்டான். "பெரியவரே, கோயில் இடுக்குக்குள்ள தவழ்ந்து பூந்துட்டாங்க. வெளிய வருவாங்களா?"

"உன்னைவிட சீக்கிரம் வருவா."

வந்துவிட்டாள். அடுத்தது ஈசானிய லிங்கம். அங்கிருந்து போன் வரவில்லை. காத்திருந்தேன். நானே தென்றலுக்குப் பண்ணினேன், லைன் கிடைக்கவில்லை.

அப்போது எங்கள் பின்தெருவில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறக்கிவிட்டவன், "ஊர்க்காவல் படையில கொண்டுபோய் சேர்க்கச் சொன்னாங்க, உங்க வூட்டு அம்மா" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான். மஞ்சள் புடவை. வயதானவள். ஆனால் பாஞ்சாலை இல்லை.

"யாருய்யா நீ? இது யாரு வூடு?" என்றாள்.

"நீ யாரும்மா?"

"நான் ஆரணி தங்கம்மாள். ஒக்காந்து கால நீவிக்கினு இருந்தேன். காக்கிச் சட்ட ஒருத்தன் வந்தான், வூட்டுக்குப் போலாம் பாட்டி, ஏறுன்னான். எம் புள்ளைங்கதான் வண்டி அனுப்பிச்சுதுன்னு ஏறிட்டேன். பாத்தா, வலது கைப்பக்கம் இருந்த மலை இடது கைக்கு வந்துட்டுது. திருப்பிக் கொண்டாந்துட்டானே, பாவி. என் கிரிவலம் போச்சே."

இவள் இங்கே என்றால் அவள் எங்கே? அந்த நேரம் பார்த்து பாலாஜி போன். "அம்மா எங்க?"

"நடந்துக்கினு இருக்கா" என்றேன். பொய்யில்லை. எங்கே நடக்கிறாள் என்றுதான் தெரியாது.

தென்றல் ஓடி வந்தது. ஈசானியத்தில் இப்போதுதான் ஆள் மாறினார்களாம். புதிதாக நின்றவன் பலராமன், கீழ்பென்னாத்தூர்க்காரன். மஞ்சள் புடவைப் பாட்டியை வீட்டில் சேர்க்கணும் என்று அரைகுறையாகக் காதில் வாங்கியிருக்கிறான், கண்ணில் பட்ட முதல் மஞ்சள் புடவையை ஏற்றி அனுப்பிவிட்டான். தென்றல் ஒவ்வொரு பாயிண்டாகப் போன் போட்டது. பெரிய கோயில் வாசலில் பார்க்கவில்லை. இந்திர லிங்கத்தில் பார்க்கவில்லை. நான் தங்கம்மாளுக்கு மோர் கொடுத்தேன், பாதியை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். "எதுக்குய்யா இப்படிப் பதறற? என்னைத்தான தூக்கியாந்தாங்க, உன்னையா?" என்றாள். என் சங்கதியைச் சொன்னேன். அவளும் தென்றலின் போனையே பார்த்தாள்.

அக்னி லிங்கத்துக்குப் போட்டதும் தென்றல் கண்ணை மூடிக்கொண்டது. பிறகு போனை என் காதில் வைத்தது. "இங்கதாங்க இருக்காங்க. அன்னதானப் பந்தியில ஒக்காந்து சாம்பார் சோறு சாப்பிடறாங்க. எனக்கும் ஒரு எல போடச் சொன்னாங்க, நானும் பக்கத்துலயே ஒக்காந்துட்டேன். அதான் நானா போன் பண்ண முடியல, கையெல்லாம் சோறு."

நான் கட்டிலில் அப்படியே சாய்ந்தேன். தங்கம்மாள்தான் என் முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாயிண்டிலிருந்தும் ஒழுங்காக வந்தது. எமன், நிருதி, வருணன். வெயில் தாழும்போது பாஞ்சாலை வாசலில் வந்து நின்று, "தண்ணி குடு" என்றாள்.

தங்கம்மாளைத் தென்றல் திரும்பக் கூட்டிக்கொண்டுபோய், ஏற்றின இடத்திலேயே விட்டது. விட்ட இடத்திலிருந்துதான் நடப்பேன் என்று அவள் பிடிவாதம். பலராமன் அவள் காலில் விழுந்தானாம். "அடுத்த தடவ மூஞ்சியப் பாத்து ஏத்துடா" என்று சொல்லிவிட்டு நடந்தாளாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாலாஜிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்து எனக்குப் பழக்கமில்லை.

கடைசி வரை கேட்டான். பிறகு, "அப்பவே ஏன் சொல்லல?" என்றான்.

"சொல்லிருந்தா இன்னா பண்ணிருப்பே?"

"வந்துருப்பேன்."

"நீ வர்றதுக்குள்ள அவ வந்துட்டாடா."

அடுத்த பௌர்ணமிக்கு வருவானாம். நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்கிறான். முடிவு என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பாலாஜி வந்தான். அவள் புறப்பட்டதும் பின்னாலேயே போனான். பேசக் கூடாது, தொடக் கூடாது, திருப்பக் கூடாது என்று தென்றல் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியது.

சாயங்காலம் அவள் முன்னால் வந்தாள். பத்தடி பின்னால் அவன், சட்டையெல்லாம் நனைந்து, செருப்பில்லாமல் நடந்து பழகாத கால் தத்தித் தத்தி. சுடுதண்ணீரில் அவன் காலை வைக்கச் சொன்னேன்.

"போற எடத்துலல்லாம் பாஞ்சாலம்மா வருதுன்றாங்கப்பா. ஒருத்தர் தண்ணி குடுக்கறாரு, ஒருத்தர் நெழல்ல ஒக்கார வெக்கறாரு. டவுனுக்குள்ள பலராமன்னு ஒருத்தர் கோயில் வாசல் வரைக்கும் கூடவே வந்தாரு, அம்மா பக்கத்துலேர்ந்து நகரவே இல்ல." சொல்லிவிட்டு இன்னொரு காலையும் தண்ணீரில் வைத்தான். "நிருதி லிங்கத்தாண்ட திரும்பிப் பாத்துச்சு. தம்பி, நீ எந்த பாயிண்ட்டுன்னு கேட்டுச்சு."

"நீ இன்னா சொன்னே?"

"கடைசி பாயிண்ட்டுன்னேன்."

துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவன் காலைத் துடைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னான்: "அந்த ஹோம்ல எடம் சொல்லி வெச்சிருந்தேன். வர்ற வழியிலயே போன் பண்ணி வேணாம்னுட்டேன்."

அவ்வளவுதான் பேசினோம்.

அக்டோபர் 7, செவ்வாய்

பௌர்ணமி. பாஞ்சாலை புறப்பட்டதும் கட்டிலில் சும்மா தலை சாய்த்தேன். போன் பல தடவை அடித்திருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. நான் எடுக்கவில்லை என்றதும் பயந்துபோய் எல்லா பாயிண்டிலிருந்தும் தென்றலுக்குப் போட்டிருக்கிறார்கள். தென்றல் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பெரிசு குறட்ட வுடுது, டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் பாஞ்சாலை. நெற்றியில் விபூதி, காலெல்லாம் புழுதி.

"இன்னாய்யா," என்றாள், "பௌர்ணமியும் அதுவுமா இப்படிப் படுத்துக் கெடக்கிற?"