ரஃப் நோட்டில் எழுதியிருந்த ‘நீ’

காலையிலிருந்து நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போகிறேன், ஜெராக்ஸ் மிஷினைத் துடைக்கிறேன், வந்து உட்காருகிறேன், மறுபடி எழுந்துவிடுகிறேன். எல்லாம் ஒரு தாளால் வந்தது. டியூஷன் நடத்துகிற ஓர் அம்மா கேள்வித்தாள் அடிக்கக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு பத்தி. “நீ கதவைத் திறக்கிறாய். அறையில் யாரும் இல்லை. ஏன் இவ்வளவு தாமதமாக வந்தாய்?” என்று போகிறது. கீழே கேள்வி: இதில் வரும் ‘நீ’ யார்? படிக்கிறவர்தான், வேறு யார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அடித்தேன். பின்பக்கம் விடை இருந்தது. எழுதியவரே தன்னிடம் பேசிக்கொள்கிறார் என்று.

அதோடு கை நின்றுவிட்டது. உன் ரஃப் நோட்டு ஞாபகம் வந்துவிட்டதுடி.

ரெட்டியார்பாளையத்து டைப்பிங் கடையில் ஏழு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என்னை அந்தக் கடையில் சேர்த்துவிட்டதே நீதான். உன்னோடு வேலை செய்வது லேசில்லை. அடிக்கும்போது வாய் ஓயாது உனக்கு. ஒரு எழுத்து தப்பினால் போதும், “ஏய், கண்ணு எங்க இருக்குது உனுக்கு? கொஞ்சமாவது அறிவு இருக்குதா?” என்று உன்னையே நீ திட்டிக்கொள்வாய். அதுவும் சத்தமாக. புதிதாக வருகிறவர்கள் வெலவெலத்துப் போவார்கள்.

அந்த சொல்தா ஐயாவை மறக்க முடியுமா? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து உன் பக்கத்தில் நின்றார். நீ திரையைப் பார்த்தபடி, “இன்னா அவசரம் உனுக்கு? எங்கியாவது வெள்ளம் வருதா?” என்றாய். மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. “மதாம், நான் வாயே தொறக்கலியே!” என்றார். நான்தான் ஓடி வந்தேன். “ஐயா, அவ உங்கள சொல்லல. அவளையேதான் அவ திட்டிக்கிறா. போகப் போகப் பழகிடும்.” நீ நாக்கைக் கடித்துக்கொண்டு “பர்தோன் மிசியே, பர்தோன்” என்றாய். அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் “இன்னிக்கி எனக்குத் திட்டு இல்லியா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்.

எத்தனை பேருக்கு இதையே சொல்லியிருப்பேன்! உங்களைச் சொல்லவில்லை, அவளைத்தான் சொல்லிக்கொள்கிறாள் என்று. ஊருக்கெல்லாம் சொன்ன எனக்கு, என் முறை வந்தபோது புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அப்போது என்னிடம் ஒரு திருட்டுத்தனம் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுக் கடை திறக்கிறவர் என்னைக் கூப்பிட்டிருந்தார். சரி என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. சேர்த்துவிட்டவளிடம் போய் எப்படிச் சொல்வது? பதினைந்து நாள் மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் நீ டீ வாங்கப் போயிருந்தாய். ஒருவரின் போன் நம்பர் வேண்டுமென்று உன் ரஃப் நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் உன் கோணல் கையெழுத்து. “இன்னும் எத்தன நாளைக்கு மறைப்ப? தெனமும் எதிர்ல உக்காந்து சிரிக்கிற. நாளைக்கு சொல்றேன், நாளைக்கு சொல்றேன்னு இழுக்கிற. புள்ள மூஞ்சியப் பாத்துமா உனுக்கு வாய் வரல?”

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. விஷயம் தெரிந்துகொண்டு, நான் பார்க்கட்டும் என்றே எழுதி வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? எனக்கேது பிள்ளை? அந்த வரி கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை. ஏறின மட்டும் போதும் என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன்.

இரண்டு கிளாசோடு நீ உள்ளே வந்தாய்.

“மூஞ்சிக்கு நேரா கேக்க வேண்டிதுதான? இன்னாத்துக்கு நோட்ல எழுதி வெக்கிற?”

உன் முகம் வெளுத்துவிட்டது. “படிச்சிட்டியா?”

“படிச்சேன். எல்லாம் புரிஞ்சிபோச்சி. நான் நாளையிலேருந்து வரல. பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போறேன்.”

நீ டீயை மேஜையில் வைத்தாய். அப்புறம், “தெரிஞ்சுமா போற?” என்றாய்.

“தெரிஞ்சுதான் போறேன்” என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். டீயைக்கூடக் குடிக்கவில்லை. அவ்வளவு வீறாப்பு.

எட்டு மாசம் நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. உன் வீட்டுக்காரர்தான் போன் செய்தார், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று. ஒரே ஒரு தடவை வந்து பார்த்தேன். பதினைந்தே நாளில் போய்விட்டாய். எடுப்பதற்கு முன்னால் உன் வீட்டுக்காரர் வாசலில் நின்று யாரிடமோ அழுதார். “மார்ல கட்டி இருக்கிறது ஒரு வருஷத்துக்கு மேலயே அவளுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. யாராண்டயும் சொல்லல.” பக்கத்தில்தான் நின்றேன். காதில் விழுந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, பாவி.

இரண்டு வருஷம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவரின் கேள்வித்தாளை அடிக்கும்போது உறைக்கிறது. பிள்ளை உன் பிள்ளை. மறைத்தது உன் கட்டி. எதிரில் உட்கார்ந்து சிரித்தவள் நீ. வாயால் திட்டிக்கொள்கிறவள் அன்றைக்குக் கையால் திட்டிக்கொண்டிருக்கிறாய். சத்தமாகச் சொல்ல முடியாத விஷயம் என்பதால் எழுதியிருக்கிறாய். நான் கொஞ்சம் நிதானமாகப் படித்திருந்தால் அன்றைக்கே உன்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். எட்டு மாசம்டி. அந்த எட்டு மாசத்தில் என்னென்னவோ செய்திருக்கலாம்.

அதைவிட இன்னொன்று இருக்கிறது. அதனால்தான் உட்கார முடியாமல் அலைகிறேன். “தெரிஞ்சுமா போற?” என்று நீ கேட்டது என் புது வேலையைப் பற்றியே இல்லை. நோட்டைப் படித்துவிட்டேன், எல்லாம் புரிந்துவிட்டது என்று நான் சொன்னதும் நீ வேறு எதை நினைத்திருப்பாய்? உனக்கு வந்திருப்பது தெரிந்தும் உன்னை விட்டுப் போகிறேன் என்றுதானே? நானும் ஆமாம் என்று தலை நிமிர்ந்து சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இதை இனி யாரிடம் போய்ச் சொல்வது? உன் வீட்டுக்காரரிடம் சொன்னால் அவருக்கு வலிக்கும். உன்னிடம்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாதுடி. சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. “புதுக் கடையில ஏசி இருக்குதா?” என்றாய். “இருக்குது, ஓடாது” என்றேன். சிரித்தாய். சண்டை தீர்ந்தது, இனிப் பயமில்லை என்று நான் நிம்மதியாகிவிட்டேன். நீயோ, தெரிந்தே விட்டுப் போனவள் இவள் என்று மனசில் வைத்துக்கொண்டுதான், நான் வாங்கி வந்த சாத்துக்குடியை உரித்து, முதல் சுளையை எனக்கு நீட்டினாய்.