மலையிறங்கி வந்த பியானோ

பித்தளை இடியாப்ப அச்சை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கையெல்லாம் அந்த வாசனை. இது வந்தாலே நீ வந்துவிடுகிறாய், பின்னாலேயே உன் பியானோவும்.

உன் வீட்டுக்காரர் தவறியபின் கேமரன் மலையை விட்டு, கடலோர ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எங்கள் எதிர்வீட்டுக்கு நீ குடிவந்த நாள் அது. லாரியில் சட்டி பானை கொஞ்சம், மீதி இடமெல்லாம் பியானோ. புதுக் காடி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோமே, அந்தப் பழக்கத்தில் நான் ஓடிவந்து பியானோவின் சின்னச் சக்கரங்களுக்கும் பழம் வைத்தேன். தூக்கிவந்தவர்கள் முழித்தார்கள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"அக்கா, அப்படியே ரோட் டெக்ஸும் கட்டிருவோமா?"

அன்றைக்கே நாம் ஒட்டிக்கொண்டோம். என் இடியாப்பக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான்தான் தண்டோரா போட்டேன்: பியானோ டீச்சர் வந்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை நல்ல நாள், பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள். சுருதி சேர்க்கிற சீன அங்கிளுக்கும் நானே சொல்லிவிட்டேன். அவர் பையோடு வந்து நின்றார். நீயோ அவருக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்து, மூன்று வாரம் கழித்து வரச்சொல்லி அனுப்பிவிட்டாய்! அவரும் தலையாட்டிக்கொண்டே போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம்.

"குளிர்ல இருந்த மரம்க்கா. இங்க கடல் காத்து, புழுக்கம். இந்த ஊரு அதுக்குப் பழகணும். இன்னைக்குக் கம்பிய இழுத்துக் கட்டினா நாலு நாள்ல சுருதி மறுபடியும் ஓடிரும்" என்றாய்.

"ஆமா, நீ ரொம்பக் கண்டே. நாளைக்கு ஆளுங்க வராங்கடி!"

வந்தார்கள். உன் சின்ன ஹால் நிறைந்துவிட்டது. சாப்பாட்டுக்கடை பாத்திமா அக்காதான் முதல் ஆளாக ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார். அது அழுதது. "என்னாம்மா, இது கெட்டுப்போன சாமானா?" என்று கேட்டேவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ மட்டும் அசையவில்லை. அதே கட்டையை இன்னொரு தரம், எல்லார் காதிலும் விழட்டும் என்று அழுத்திக் காட்டினாய்.

"மலையிலேர்ந்து இறங்கினா நமக்கும் காது அடைக்குதில்ல? இதுக்கும் அடைச்சிருக்கு. சரியாகட்டும், அப்புறம் புள்ளைங்கள சேர்த்துக்கிறேன். இப்ப யாரையும் சேர்க்கல."

பிறகு உட்கார்ந்து ஒரு பாட்டு வாசித்தாய். கெட்டிருந்த கட்டைகளையெல்லாம் தொடாமல், அங்கங்கே தாவித் தாவி. சமையலறை வாசலில் நின்றிருந்த என் மகள் கவிதா வாயைப் பிளந்து உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டில் ஒரு குறை இல்லை. ஆனால் வந்தவர்கள் வந்த வழியே திரும்பிவிட்டார்கள்.

"சோத்துக்கு என்னடி பண்ணுவே?" என்று கத்தினேன். உன் அரிசி டின்னை நான் பார்த்திருந்தேன்.

"புள்ளைங்க காதுல முதல்ல விழறது சரியா விழணும்க்கா. தப்பா ஏறிட்டா இறக்க முடியாது" என்றாய். அவ்வளவுதான்.

மறுநாள் விடிகாலையில் நீ என் கடைக்கு வந்து, கேட்காமலே இந்த அச்சை எடுத்துப் பிழிய ஆரம்பித்தாய். "விரலுக்கும் பயிற்சிதானே" என்று கிண்டல் வேறு. அந்த நாட்களில் நீ பிழிந்த இடியாப்பம் சில கோணலாகத்தான் இருந்தது, போ. பாத்திமா அக்கா தினமும் வாங்க வந்தார், தினமும் உன்னைப் பார்த்தார். கடைசியில் அங்கிள் வந்து சுருதி சேர்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலம், தன் இரண்டு பேத்திகளையும் இழுத்துக்கொண்டு முதலில் உன் கதவைத் தட்டியது அவர்தான். "வயித்தக் காயப்போட்டுக்கிட்டு இருந்தாலும் இருப்பா, தப்பா சொல்லித்தர மாட்டா" என்று பசார் முழுக்கச் சொன்னதும் அவர்தான். அதற்குப்பிறகு உன் வீட்டில் இடமே இல்லை. எதிர்வீட்டுக்காரி என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமை. இன்னும் இருக்கிறது.

உன்னிடமே படித்த கவிதாவுக்கென்று, கண்ணை மூடுமுன் நீ விட்டுப்போன பியானோ இப்போது கூச்சிங்கில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அங்கே மாற்றலாகிவிட்டது. இவளும் இங்கே பார்த்த வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக வகுப்பு தொடங்கப் போனாள். பியானோ கப்பலில் போய்ச் சேர்ந்தது. இன்று காலை போன் செய்தாள்.

"அம்மா, சுருதி ஒரேயடியா ஓடிப்போச்சு. வந்தவங்ககிட்ட மூணு வாரம் கழிச்சு வாங்கன்னு சொல்லிட்டேன்."

"என்னடி சொன்னே?"

"கப்பல்ல வந்திருக்கு, தலைசுத்தல் தீரட்டும்னு."

உன் குரலே கேட்டது போலிருந்தது. ஆனால் வாயில் வந்தது பழைய கேள்விதான்: "வீட்டு வாடகை, சாப்பாடு? மாப்பிள்ளை சம்பளம் மட்டும் போதுமா?"

"டீச்சர் என்ன பண்ணாங்க? இங்கயும் அரிசி மாவு கிடைக்குது லா, மா. அந்த அச்சை அனுப்புங்க."

வந்தவர்களை இப்படித் திருப்பி அனுப்பச்சொல்லி நான் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. நீயும் இல்லை. அன்று வாசலில் நின்று பார்த்தாள், அவ்வளவுதான்.

அச்சின் மரக் கைப்பிடியில் உன் உள்ளங்கை பட்ட இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டிருக்கிறேன். துணியில் சுற்றி, பெட்டியில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு இறங்கினேன். லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"யாருக்குக்கா, மகளுக்கா?"

"பியானோ டீச்சருக்கு" என்றேன்.